திருத்தும் கை

மாணவன் வரைந்த ஓவியத்தில் ஆசிரியர் தமது தூரிகையை வைக்கலாமா? ஓவியம் கற்பிப்பவர்கள் அன்றாடம் செய்கின்ற காரியம்தானே, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

பணியின் பொருட்டுப் பல ஆண்டுகள் கொல்கத்தாவில் வாழ நேர்ந்தது. நகரின் தென்பகுதியில் எங்கள் குடியிருப்புக்கு அருகே இருந்த சங்கம் ஒன்று, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கட்டணமின்றி ஓவியம் கற்பித்து வந்தது. ஓவியக் கல்லூரி மாணவர் இருவர், பணி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், மண்சிலை வடிக்கும் தொழிலாளி ஒருவர், இளமையில் சிறிது ஓவியம் பயின்றவன் என்ற தகுதியால் நான். ஆளுக்கு நான்கைந்து பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை, பள்ளிப் படிப்பை முடிக்கும் வரையில் அதே பெரியவரிடம்தான் வர வேண்டும். வெறும் வகுப்பாக இராமல், வளரும் பருவத்தில் ஒரு பிள்ளைக்கு வீட்டாரும் பள்ளியும் அல்லாத ஒரு பெரியவரின் துணை கிடைக்க வேண்டும் என்பதே அதைத் தொடங்கியவர்களின் எண்ணம். தேர்வைப் பற்றிய அச்சமும் வீட்டுக் கவலைகளும் வண்ணங்களைக் குழைத்தபடியே பேசப்படும்.

என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒருவன் ஆதி கங்கையின் கரையில் குடியிருந்தான். கங்கை முற்காலத்தில் காளிகட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஓடிய பழைய தடம் அது. 1770-களில் டாலி என்ற ஆங்கிலேயர் அதைத் தூர்வாரியதால் டாலி கால்வாய் என்றும் பெயர். இப்போது அதில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் சாக்கடை நீர். மெட்ரோ இரயில் பாதையைத் தாங்கும் பெருந்தூண்கள் ஆற்றின் வயிற்றிலேயே ஊன்றி நிற்கின்றன. அந்தக் காட்சியைத்தான் அவன் வரைந்தான். தாளின் பாதிக்கு மேல் கருமை. அந்தக் கருமையில் தூண்கள். ஓர் ஓரத்தில் யாரோ மிதக்கவிட்ட சாமந்தி மாலை, சிறியதாக, மஞ்சளாக.

மறுவாரம் ஓவியப் போட்டி. வங்காளத்தில் 'போஷே ஆங்க்கோ', அதாவது 'உட்கார்ந்து வரை' என்னும் போட்டிகள் தெருவுக்குத் தெரு நடக்கும். பிள்ளைகள் தரையில் அமர்ந்து வரைய, கயிற்றுக்கு அப்பால் நிற்கும் பெற்றோர் அங்கிருந்தே கட்டளையிடுவதைக் காண வேடிக்கையாகவும் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும். எங்கள் போட்டியோ, வரைந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வகை. 'இவ்வளவு கருமையா? நடுவர்களின் கண்ணுக்கு எடுபடாதே' என்று எனக்குத் தோன்றியது. அவன் கையிலிருந்த தூரிகையை வாங்கினேன். நீரில் நீலத்தை ஏற்றினேன். வானத்தின் சாயலை அதில் விழவைத்தேன். மாலையைச் சற்றுப் பெரிதாக்கினேன். கால் மணி நேர வேலை. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சான்றிதழை என்னிடம் நீட்டி, "இது உங்களுடையது, காகு" என்றான். காகு என்றால் சித்தப்பா. குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்த்து ஒப்படைப்பவனின் குரல்தான் அது. அதன்பின் இரண்டு வாரங்கள் வந்தான். பிறகு வரவில்லை. வீடு தேடிச் சென்றபோது, பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குகிறது என்று தாயார் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம்.

அபநீந்திரநாத் தாகூர் தம் நினைவுகளில் சொல்லியிருக்கும் நிகழ்ச்சி ஒன்றைப் பின்னர்தான் படித்தேன். அவருடைய மாணவர் நந்தலால் போஸ் 'உமாவின் தவம்' என்ற ஓவியத்தை வரைந்து குருவிடம் காட்டினார். படத்தில் வண்ணம் மிகக் குறைவாக இருப்பதாக அபநீந்திரருக்குப் பட்டது. சற்று வண்ணம் கூட்டி உமாவைக் கொஞ்சம் அலங்கரிக்கலாமே என்று யோசனை சொல்லிவிட்டு வீடு திரும்பினார். அன்றிரவு உறக்கம் வரவில்லை. தவத்தில் இருக்கும் உமாவுக்கு அலங்காரம் எதற்கு, நந்தலால் கண்ட உமா தாம் கண்ட உமா அல்லவே, அவர் கண்டதை அழிக்கத் தமக்கு என்ன உரிமை என்று மனம் அலைக்கழிந்தது. விடிந்ததும் விடியாததுமாக மாணவரைத் தேடி ஓடினார். நந்தலால் படத்தின் முன் அமர்ந்து, வண்ணம் சேர்க்கவிருந்த தருணம். தடுத்து நிறுத்தினார் குரு. படம் பிழைத்தது.

இதில் என்னை வியக்கவைப்பது குருவின் பணிவு மட்டுமன்று. தாம் சொன்ன யோசனை ஓவியக் கலையின்படி தவறானது என்று அபநீந்திரர் கருதியதாகத் தெரியவில்லை. வேறோர் உமாவுக்கு அது பொருந்தியிருக்கக்கூடும். பொருந்தாதது மாணவரின் காட்சிக்கு. நானும் அந்தச் சிறுவனுக்குக் கற்பித்தது தவறான ஓவியமன்று. நீரில் வானம் பிரதிபலிக்கத்தான் செய்யும். ஆனால் அவன் வீட்டு வாசலில் ஓடும் நீரில் வானம் தெரிவதில்லை. தினமும் பார்ப்பதை அவன் பார்த்தபடியே சொன்னான். நான் அவன் வாயால் பொய் சொல்லவைத்தேன். நோக்கம் நல்லதுதான், அன்பும் இருந்தது என்பதெல்லாம் உண்மை. அன்பு இருந்ததனாலேயே அவனால் மறுக்க முடியவில்லை என்பதும் உண்மை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். நம் மரபில் குரு மாணவனின் கையைப் பிடித்துத்தானே எழுதவைத்தார்? கும்ஹார்துளியின் சந்துகளில் துர்க்கையின் சிலைகள் உருவாவதைப் பார்த்திருக்கிறேன். வைக்கோலைக் கட்டுவதும் களிமண்ணைப் பூசுவதும் இளையவர்களின் வேலை. தேவியின் கண்களைத் திறக்கும் வேளை வந்தால் மூத்த கலைஞரே தூரிகையை எடுப்பார். இளைஞன் பூசிய மண் மேடாகிவிட்டால், அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதனால் எவனும் மனம் உடைவதில்லை. எங்கள் குழுவிலிருந்த சிலைத் தொழிலாளியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. சிலை தேவியுடையது, அதில் யார் கை பட்டால் என்ன என்றார்.

வெகுநாள் யோசித்தபின் எனக்குப் பட்டது இது. அந்தப் பட்டறையில் எவரும் இளைஞனிடம் 'உன் மனத்தில் உள்ளதைப் படை' என்று சொல்லவில்லை. அங்கே படைப்பு ஒருவருக்கும் சொந்தமன்று. எல்லாருடைய கையும் ஒரே வழிபாட்டில் கரைகிறது. நாங்களோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளிடம் 'நீ கண்டதை வரை' என்று சொன்னோம். அது ஒரு வாக்குறுதி. என் தூரிகை மீறியது ஓவிய விதி எதையும் அன்று, அந்த வாக்கைத்தான். ஒரே செயல் ஓரிடத்தில் அருளாகவும் இன்னோரிடத்தில் அபகரிப்பாகவும் ஆவதற்கு, முன்னே கொடுத்த வாக்கே காரணம் என்று எண்ணுகிறேன்.

அப்படியானால் தொடாமலே இருந்துவிடுவது அறமா? அதுவும் அவ்வளவு எளிதன்று. குழுவின் கல்லூரி இளைஞர்களுள் ஒருவர், பிள்ளைகளின் சுதந்திரத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கையோடு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் ஈரம் காயாத வண்ணத்தின்மேல் வண்ணம் பூசிக் கலங்கலாக்கிவிட்டு, தங்களுக்குக் கலை வராது என்று முடிவுகட்டிப் போனார்கள். சோம்பல் எத்தனையோ உயர்ந்த கொள்கைகளின் ஆடையை அணிந்துகொள்ளும். தூரிகையைப் பிடிக்கும் முறை, வண்ணம் காயக் காத்திருக்கும் பொறுமை, ஒரே பொருளைப் பத்து முறை வரையும் விடாப்பிடி ஆகியவற்றைக் கண்டிப்போடு கொடுத்தே ஆகவேண்டும். இவற்றைக் கொடாமல் விடுவதும் திருட்டுதான்.

நந்தலாலே பின்னாளில் சாந்திநிகேதனத்தின் கலா பவனத்தில் குருவானார். 1925-இல் பாங்குரா ஊரிலிருந்து ராம்கிங்கர் பைஜ் என்ற இளைஞர் அங்கே வந்தார், வயது பத்தொன்பது. எளிய குடும்பத்தில் பிறந்து, அக்கம்பக்கத்துச் சிலை வடிப்போரைப் பார்த்துப் பார்த்தே கை பழகியவர். அவர் கொண்டுவந்த படங்களைப் புரட்டிப் பார்த்த நந்தலால், இவருக்குக் கற்பிக்க இனி அதிகமில்லை, ஆயினும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கட்டும் என்றாராம். ராம்கிங்கர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டார். 1938-இல் சிமென்ட்டையும் சரளையையும் கலந்து அவர் எழுப்பிய 'சாந்தால் குடும்பம்' சிற்பம் இன்றும் கலா பவன வளாகத்தில் நிற்கிறது. அதில் குருவின் மென்மையான கோடுகளின் சாயலைத் தேடினால் கிடைக்காது. உமாவைக் காப்பாற்றிய அந்தக் காலைப்பொழுதை நந்தலால் மறந்திருக்க மாட்டார் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

கீதையின் இறுதி அத்தியாயத்திலும் கண்ணன், சொல்ல வேண்டியவை அனைத்தையும் சொன்னபின், சிந்தித்துப் பார்த்து விரும்பியபடி செய் என்று முடிவை அர்ஜுனனிடமே விடுகிறான். பதினெட்டு அத்தியாயங்கள் பேசியவனுக்கே அந்த உரிமை உண்டு. ஒன்றும் பேசாமல் விட்டுவிடுவது வேறு.

2015 முதல் மத்திய அரசு உயர் வகுப்பு மாணவர்களுக்காகக் கலா உத்சவ் போட்டிகளை நடத்தி வருகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உள்ளூர்க் கலைஞர்களைப் பள்ளிக்குள் அழைத்து வரச் சொல்கிறது. நல்ல காரியங்களே. வரும் நாட்களில் இன்னும் பல பிள்ளைகள் இன்னும் பல பெரியவர்களின் அருகே தூரிகையோடு அமர்வார்கள். அருகிலேயே ஒரு போட்டியின் தேதியும் நெருங்கிக்கொண்டிருக்கும். கை நீளும்.

கொல்கத்தாவை விட்டு வரும்வரை நான் அந்தக் குழுவுக்குப் போய்வந்தேன். எனக்கென்று தனியாக ஒரு தாளை எடுத்துப் போவேன். காட்ட வேண்டியதை என் தாளில் காட்டுவேன். ஒரு பெண் கேட்டாள், ஏன் காகு என் தாளில் போட்டுக்காட்ட மாட்டேன் என்கிறீர்கள் என்று. பழக்கம் என்று சொல்லிவைத்தேன்.

சான்றிதழ் என்னிடமே இருக்கிறது. அதில் அந்தப் பையனின் பெயர்தான் எழுதியிருக்கிறது. அபநீந்திரருக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது. எனக்குப் புரிவதற்குள் நீர் நீலமாகக் காய்ந்துவிட்டிருந்தது.