பேய் வேடம் யாருக்கு?



சுங்கை பினாங்கில் நாங்கள் நடத்தும் சமய வகுப்பில் காரைக்கால் அம்மையார் நாடகம் போடத் திட்டமிட்டோம். அழகிய புனிதவதியாக நடிக்க வெள்ளையான பிள்ளை ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். பேயுரு எடுத்த அம்மையாருக்கு, வகுப்பிலேயே கறுப்பான பிள்ளையைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நான் கறுப்புங்கிறதாலதானே?"

என்னிடம் பதில் இல்லை.

2017-இல் வாட்சன்ஸ் மலேசியா நோன்புப் பெருநாளுக்கு ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது, ஞாபகம் இருக்கா? நடிகையின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்து அதிர்ச்சி. வெளுத்த முகத்தோடு வந்தால் அழகி! பலரும் கண்டித்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை மீட்டுக்கொண்டது. அன்று கோபப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அதே வேலையைத்தான் சாயம் பூசாமல் நானும் செய்திருக்கிறேன்.

பெரிய புராணத்தை மறுபடி எடுத்தேன். பரமதத்தன் புனிதவதியாரை விட்டுப் போனது அழகு குறைந்ததாலா? இல்லை. மாங்கனி அற்புதத்தைக் கண்டு தெய்வம் என்று அஞ்சிப் போனான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று அம்மையாரே இறைவனிடம் கேட்டு உதறினார். யாரும் அவரைக் கேலி பேசிப் பேயாக்கவில்லை. எலும்பும் தோலுமாக, தலையால் நடந்து கயிலை ஏறியவரைத்தான் தாயில்லாத சிவபெருமான் 'அம்மை' என்று அழைத்தார். கோயிலில் மற்ற நாயன்மார்கள் நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளையா இருந்தா வரன் சீக்கிரம் வருது, மேடையில முதல் வரிசை கிடைக்குது. இது பொய்யில்லை. ஆனால் அந்தச் சலுகை வானத்திலிருந்து விழவில்லை. என்னைப் போன்றவர்கள்தான் எடுத்துக் கொடுக்கிறோம். கருவறையில் கருங்கல் திருமேனிக்குப் பாலாபிஷேகம். வீட்டில் கறுப்புப் பிள்ளைக்கு வெளுக்கிற கிரீம். இது என்ன பக்தி?

மறுவாரம் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். வேடங்களுக்குச் சீட்டுக் குலுக்கினோம். அவளுக்குப் பசித்து வரும் சிவனடியார் வேடம் விழுந்தது. "தாடி ஒட்டணுமா அக்கா?" என்று சிரித்தாள்.

பங்குனி சுவாதி, அம்மையாரின் குருபூஜை. அன்று கும்பிடும்போது நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இந்த வருஷம் யாருக்குப் பேய் வேடம் கொடுத்தேன்?

திருச்சிற்றம்பலம்.