பத்து நாள் கெடு

2020 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் டிரம்புக்குக் கொரோனா உறுதியானதும், ரீஜெனரான் நிறுவனத்தின் ஆன்டிபாடி மருந்து 8 கிராம் அவர் ரத்தத்தில் ஏற்றப்பட்டது. அப்போது அது அனுமதியே பெறாத மருந்து.

சாமானியருக்கும் இத்தகைய மருந்து கிடைக்குமா? அந்நாட்டு அரசு தாமதிக்கவில்லை. நவம்பர் 9 அன்று எலி லில்லி நிறுவனத்தின் பாம்லனிவிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து அவசரகால அனுமதி பெற்றது. மறுநாளே, முதியோருக்கான பொதுக் காப்பீடான மெடிகேர் செலவை ஏற்பதாக அறிவித்தது. மருத்துவரிடம் போனால் வழக்கமாகக் கட்டணத்தில் 20 சதவீதம் நோயாளி தலையில் விழும். இதற்கு அதுவும் இருக்கவில்லை. மருந்தை அரசே வாங்கிக் கொடுத்தது. அதை ஏற்றுவதற்குச் சுமார் 310 டாலரை மெடிகேர் தந்தது. காப்பீடு என்றாலே நிபந்தனைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் இந்த முடிவை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால், மருந்துக்கு ஒரு கெடு இருந்தது. அறிகுறி தொடங்கிப் பத்து நாளுக்குள் ஏற்றியாக வேண்டும். தனியாக வாழும் 75 வயதுப் பெண்மணி ஒருவரை நினைத்துப் பாருங்கள். வெறும் சளி என்று இரண்டு நாள் போகும். பரிசோதனை முடிவுக்காகச் சில நாள். பிறகு மருத்துவரின் பரிந்துரை. எங்கே ஏற்றுகிறார்கள் என்ற தேடல். தொற்றோடு பேருந்தில் ஏற முடியாது. அழைத்துப்போக அக்கம்பக்கத்தார் அஞ்சுவார்கள். புற்றுநோயாளிகளுக்கு மருந்தேற்றும் அறையில் இவரை உட்கார வைக்க முடியாது, தனி இடம் வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் மருந்து இறங்க ஒரு மணி நேரம், அதன்பின் கண்காணிப்பு ஒரு மணி நேரம். இத்தனைக்கும் நடுவே நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பின்னால் வந்த ஆய்வுகள் மனத்தைக் கனக்கச் செய்பவை. கறுப்பினத்தவருக்கும் ஹிஸ்பானியருக்கும் இம்மருந்து குறைவாகவே போய்ச் சேர்ந்திருந்தது. மெடிகேர் பயனாளிகளிலும், பல நாட்பட்ட நோய்களோடு வாழ்ந்தவர்களுக்கே, அதாவது மிகவும் தேவைப்பட்டவர்களுக்கே, குறைவாகக் கிடைத்தது. இத்தனைக்கும் இம்மருந்துக்கு மெடிகேரில் எல்லோருக்கும் கட்டணம் ஒன்றாகத்தான் இருந்தது: பூஜ்யம்.

ஏழைக்கும் முதியவருக்கும் இல்லாதது பணம் மட்டுமன்று. வாகனம் இல்லை, கூட வர ஆள் இல்லை, விவரம் சொல்ல ஒருவர் இல்லை. அதிபருக்கு இவையெல்லாம் கேட்காமலே கிடைத்தன. மருந்தேற்றும் செலவை ஏற்றுக்கொண்ட பொதுக் காப்பீடு, நோயாளி வீட்டுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள தூரத்தையும் சிகிச்சைச் செலவாகக் கருதியிருக்க வேண்டும்.

மெடிகேர் பிறகு அதைச் செய்யவும் செய்தது. 2021 மே 6 முதல் மருந்தேற்றும் கட்டணத்தை 450 டாலராகவும், நோயாளியின் வீட்டுக்கே போய் ஏற்றினால் 750 டாலராகவும் உயர்த்தியது. அதற்குள் பாம்லனிவிமாபைத் தனி மருந்தாகத் தருவதற்கான அனுமதியே ரத்தாகியிருந்தது. உருமாறிய வைரஸ்களிடம் அது தோற்றுப்போனது. முதல் குளிர்கால அலையும் வந்து போய்விட்டது. அந்த 750 டாலர், முதல் அறிவிப்பிலேயே இருந்திருக்க வேண்டும்.