கிறிஸ்துமஸ் பரிசும் ஈகையின் அளவும்

பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பரிசுகளுக்குப் பெற்றோர் எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வி, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஆண்டுதோறும் டிசம்பர் நெருங்கும்போது வீட்டு வரவுசெலவுக் கணக்கின் ஒரு வரியாகவே எழுகிறது. ஆயினும் கணக்கு மட்டும் அதற்கு விடை தந்துவிடுவதில்லை. கொடுத்தல் என்பது என்ன, பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதை ஈகை என்று சொல்லலாமா, அவ்வாறு கொடுக்கும்போது பிறர் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை ஒருவருக்கு உண்டா என்னும் கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் கடைசிக் கேள்வியே அடிப்படையானது என்பதையும், அது மறக்கப்பட்டதனாலேயே செலவின் அளவு இத்தனை சிக்கலாயிற்று என்பதையும் இவ்விழாவின் வரலாறு காட்டுகிறது.

கொடுப்பதன் அளவைப் பற்றிய பழைய விடை, அளவுகோலைப் பொருளில் வைக்காமல் கொடுப்பவரின் வசதியில் வைக்கிறது. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில் தாராளம் என்னும் பண்பை, வாரியிறைக்கும் ஊதாரித்தனத்துக்கும் கொடுக்க மனம் வராத உலோபத்துக்கும் இடைப்பட்ட நிலையாக வரையறுத்து, குறைந்த உடைமையிலிருந்து சிறிது கொடுப்பவர் மிகுதியாகக் கொடுப்பவரைவிடத் தாராளமானவராக இருக்கக்கூடும் என்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்தைக் கிறிஸ்தவ அறவியலுக்குள் கொண்டுவந்தார். திருக்குறளின் வலியறிதல் அதிகாரமும், உள்ள பொருளின் அளவை எடைபோடாமல் செய்யும் ஒப்புரவு செல்வத்தை விரைவில் கெடுக்கும் என்றே எச்சரிக்கிறது. விவிலியத்தில் இவ்வளவுகோல் சட்டமாகவே இடம்பெற்றுள்ளது: மகப்பேற்றுக்குப் பின் ஆட்டுக்குட்டியைப் பலியாகச் செலுத்த வேண்டும் என்று விதிக்கும் லேவியராகமம், அதற்கு வசதியில்லாத தாய் இரண்டு புறாக்களைச் செலுத்தினால் போதும் என்று இடம் தருகிறது. லூக்கா நற்செய்தியின்படி இயேசு பிறந்தபின் மரியாவும் யோசேப்பும் செலுத்தியது அந்தப் புறாக் காணிக்கையைத்தான். உலகிலேயே மிகுந்த செலவில் கொண்டாடப்படும் பிறந்தநாள், ஏழைகளுக்கான சலுகையைப் பயன்படுத்திய ஒரு குடும்பத்தில் நிகழ்ந்த பிறப்பைக் குறிக்கிறது.

ஆனால் இந்த அளவுகோல் கொடுப்பவரை மட்டுமே நோக்குகிறது. தம் கையிருப்பை நன்கு அறிந்த பெற்றோரே அதை மீறிச் செலவிடுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அறியாமை அன்று. இப்பரிசின் தன்மையிலேயே அதைத் தேட வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூல உருவான நிக்கோலா, 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா நகரின் ஆயர். சீதனம் தர வழியின்றி மூன்று பெண்மக்களுடன் தவித்த ஒரு தந்தையின் வீட்டுக்குள் அவர் இரவில் மறைந்து வந்து பொன் முடிப்புகளை எறிந்துவிட்டுப் போனார் என்பது மரபுக்கதை. இக்கதையில் பரிசு பெறுவோர் பிறர் பிள்ளைகள். தேவை உயிரை வருத்தும் தேவை. கொடுத்தவரோ பெயரை மறைத்துக்கொண்டவர். அவருடைய நினைவுநாளான டிசம்பர் 6 ஐரோப்பாவின் பல பகுதிகளில் பிள்ளைகள் பரிசு பெறும் நாளாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் புனிதர் வணக்கத்தை மறுத்த சீர்திருத்தச் சபையினர், ஜெர்மானிய நிலப்பகுதிகளில் அவ்வழக்கத்தைக் குழந்தை இயேசுவின் பெயரால் கிறிஸ்துமசுக்கு மாற்றினர். விழாவுக்கே விவிலிய ஆதாரம் இல்லை என்று கருதிய தூய்மைவாதச் சபையினரோ, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தனர். அச்சட்டம் 1681 வரை நீடித்தது.

தீர்மானமான திருப்பம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் நிகழ்ந்தது. வரலாற்றாசிரியர் ஸ்டீபன் நிசென்பாம் 1996-இல் வெளியிட்ட தம் நூலில் காட்டுவதுபோல, பழைய ஆங்கிலேய வழக்கத்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் ஏழைகளும் வேலையாட்களும் செல்வர் வீட்டு வாசலுக்கு வந்து உணவும் மதுவும் கேட்பதும், அவற்றை மறுக்காமல் கொடுப்பதும் விழாவின் உயிர்நாடியாக இருந்தன. நகரம் பெருகி, வாசலில் நிற்பவர் முகம் தெரியாதவராகவும் அச்சத்துக்குரியவராகவும் ஆனபோது, வசதிபடைத்த வகுப்பினர் விழாவைத் தெருவிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டனர். கொடை பெறுவோராக வாசலில் நின்ற ஏழையின் இடத்தில் கூடத்தில் நின்ற தம் சொந்தப் பிள்ளையை நிறுத்தினர். கலைமான் வண்டியில் வரும் நிக்கோலாவைப் பாடிய புகழ்பெற்ற கவிதை, நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரச் செய்தித்தாளில் 1823-இல் வெளிவந்து அப்புதிய ஏற்பாட்டுக்கு உருவம் தந்தது. சமூகவியலாளர் விவியானா செலிசர் 1985-இல் விளக்கியபடி, 1870-களுக்கும் 1930-களுக்கும் இடையில் அமெரிக்கக் குழந்தை, குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் கை என்ற நிலையிலிருந்து விலைமதிக்க முடியாத அன்புப்பொருள் என்ற நிலைக்கு மாறியதும் இத்தோடு சேர்ந்துகொண்டது. பசித்து வந்தவருக்கு உணவு கொடுத்தால் அவர் பசியே அளவாக நிற்கும். விலைமதிப்பில்லாத ஒன்றுக்குக் கொடுக்கும்போது அளவு எங்கும் நிற்பதில்லை.

இம்மாற்றம் இறையியலிலும் ஒரு முரணை உண்டாக்கிற்று. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதிய கட்டுரையில், கொடுப்பதும் பெறுவதும் திருப்பித் தருவதும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகள் என்று நிறுவினார். சிறு குழந்தை கைம்மாறு செய்ய இயலாதது. ஆகவே பெற்றோரின் பரிசு இச்சங்கிலியிலிருந்து விலகி, கிறிஸ்தவர் கிருபை என்று குறிக்கும் தகுதி பாராத அருளை நெருங்குகிறது. அதைத் தாத்தாவின் பெயரால் கொடுக்கும்போது நன்றியையும் பெற்றோர் விட்டுக்கொடுப்பதால், நிக்கோலாவின் மறைவு இங்கே ஓரளவு மிஞ்சுகிறது எனலாம். ஆனால் அதே தாத்தா பிள்ளைகளின் நடத்தைக்குக் கணக்கு வைத்திருப்பவர் என்றும், நல்ல பிள்ளைக்கே பரிசு தருபவர் என்றும் சொல்லப்படுகிறார். தகுதி பாராத அருளின் விழாவில் தகுதிக்கேற்ற கூலி நுழைந்துவிடுகிறது. இம்முரண் ஏட்டளவில் நிற்பதில்லை: விலையுயர்ந்த விளையாட்டுக் கருவி பெற்ற பிள்ளையையும் வண்ணப் பென்சில் பெற்ற பிள்ளையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டாவது பிள்ளைக்குத் தன் வீட்டின் வறுமை தன் குணத்தின் குறையாகவே தோன்றும்.

மிகைச் செலவுக்கு எதிரான வாதங்களுள் பொருளியல் வாதம் பெயர்பெற்றது. ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, பரிசின் விலைக்கும் பெறுபவர் அதற்குத் தாமாகக் கொடுக்க முன்வரும் மதிப்புக்கும் இடையே விழும் இழப்பைக் கணக்கிட்டு, விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வாறு கரைந்துபோகிறது என்றது. பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டுப் பெற்ற இக்கணக்கு, தனக்கு எது வேண்டும் என்று அறிந்து தானே வாங்கக்கூடிய ஒருவரை முன்வைத்தது. குழந்தை அத்தகைய நுகர்வோர் அன்று. அதன் விருப்பமே இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, அதை உருவாக்குவோரில் பெற்றோரும் அடங்குவர். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தனி நூலே எழுதிய யோவான் கிறிசோஸ்தோம் இவ்விடத்தில்தான் விரல் வைத்தார். குழந்தை பிறந்தவுடன் அதைப் பொன்னாலும் பட்டாலும் அணிசெய்யத் துடிக்கும் தந்தையர் அதன் குணத்தை ஒழுங்குபடுத்த நினைப்பதில்லை என்று கண்டித்த அவர், குழந்தையின் உள்ளத்தைப் புலன்களாகிய வாயில்களையுடைய நகரமாக உருவகித்து, அவ்வாயில்களைக் காப்பது பெற்றோர் கடமை என்றார். இன்று அவ்வாயில்களில் விளம்பரம் நிற்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரங்களையும், சுவீடன் 1991 முதல் 12 வயதுக்குட்பட்டோரை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரங்களையும் தடைசெய்திருப்பது, வாயிற்காவலைப் பெற்றோர் தனித்துச் செய்ய இயலாது என்று அரசுகளே ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது.

பெற்றோரின் மனவுறுதியின்மையே மிகைச் செலவுக்குக் காரணம் என்று கருதுவது எளிது; ஆனால் சமூகவியலாளர் ஆலிசன் பியூ கலிபோர்னியாவின் ஓக்லண்டில் நீண்ட கள ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்ட நூல் அக்கருத்தைத் தகர்க்கிறது. பிள்ளைகள் தங்களுக்குள் ‘மதிப்பின் பொருளாதாரம்’ ஒன்றை நடத்துகிறார்கள் என்பது அவர் முடிவு: தோழர் கூட்டத்தில் பேசுவதற்கும் சேர்த்துக்கொள்ளப்படுவதற்கும் உரிய தகுதியைச் சில பொருள்கள் தருகின்றன, அவை இல்லாத பிள்ளை, கூட்டத்தின் நடுவிலேயே இல்லாததாகிவிடுகிறது. வருவாய் குறைந்த பெற்றோர் வேறு கட்டணங்களைத் தள்ளிவைத்தாவது அத்தகைய ஒரு பொருளை வாங்கித் தருவது, ஆடம்பரத்துக்காக அன்று. தம் பிள்ளை பேசப்படாமல் போய்விடக்கூடாது என்பதற்காக. வசதியுள்ள பெற்றோரோ சில பொருள்களை மறுத்துத் தம் கட்டுப்பாட்டைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போதே, நல்ல பள்ளியும் நல்ல குடியிருப்பும் கிடைக்கப் பெருந்தொகை செலவிடுகிறார்கள். எளிமையைப் போதிப்பதும் ஒரு வசதியாகிவிடுகிறது.

இந்த அழுத்தத்தின் சுமை எவர் தலையில் இறங்குகிறது என்பதற்குச் சேமிப்புத் திட்டங்களே சான்று. வாரந்தோறும் சிறுதொகை கட்டி ஆண்டிறுதியில் பெற்றுக்கொள்ளும் கிறிஸ்துமஸ் சேமிப்பு, தமிழகத்தின் தீபாவளிச் சீட்டை ஒத்தது; 1909-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகர வங்கி ஒன்று தொடங்கிய பின் அமெரிக்கா முழுவதும் பரவிற்று. பிரித்தானியாவில் இவ்வகைச் சேமிப்பு நடத்திய ஃபேர்பேக் நிறுவனம் 2006 அக்டோபரில் சரிந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாண்டுக்காகச் சேர்த்த பணம் முடங்கிற்று; அவர்களுள் மிகப்பலர் குறைந்த வருவாய்க் குடும்பத்தினர். அவர்கள் அளவறியாதவர்கள் அல்லர். வாரக்கணக்கில் அளந்து சேர்த்தவர்கள்.

எனவே ஒரு வீட்டின் செலவு அவ்வீட்டின் தனிவிவகாரம் என்ற கருத்து நிலைக்காது. வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைக்குக் கொடுப்பது, அதே வகுப்பில் படிக்கும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எவ்வளவு கொடுக்க நேரும் என்பதையும் மறைவாகத் தீர்மானிக்கிறது. அரிஸ்டாட்டிலின் அளவுகோல் கடன்பட்டுக் கொடுப்பதைத் தடுக்கும். செல்வர் மிகுதியாகக் கொடுப்பதை அது மட்டும் தடுக்காது, ஏனெனில் அவர் வசதிக்கு அது பொருந்தியதே. பிறர் பிள்ளையும் கணக்கில் வரும்போதுதான் செல்வரின் கைக்கும் ஓர் எல்லை கிடைக்கிறது. விலையுயர்ந்த பரிசைப் பெற்றோர் தம் பெயரிலும், சிறிய பரிசைத் தாத்தாவின் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்று அந்நாடுகளின் பெற்றோர் பலர் இன்று ஒருவருக்கொருவர் அறிவுறுத்துவது இவ்வுணர்விலிருந்து பிறந்ததே: பொருளின் விலை பெற்றோரின் வருவாயைக் காட்டட்டும், பிள்ளையின் நற்குணத்தைக் காட்ட வேண்டாம் என்பது அதன் பொருள்.

இதைவிட ஆழமாகச் சென்ற ஒரு முயற்சியும் உண்டு. அலபாமாவில் சிறைத்தண்டனை அனுபவித்த மேரி கே பியர்ட், அங்கிருந்த தாய்மார் அறநிலையத்தார் தமக்குத் தந்த சோப்பையும் பற்பசையையும் பயன்படுத்தாமல் சேர்த்துவைத்துப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்ததைக் கண்டிருந்தார். விடுதலையான பின் 1982-இல் அவர் தொடங்கிய ‘தேவதூதர் மரம்’ என்னும் ஏற்பாட்டில், அங்காடியில் நிறுத்திய மரத்திலிருந்து ஒரு பிள்ளையின் பெயர்ச்சீட்டை எடுப்பவர் பரிசை வாங்குகிறார். ஆனால் அப்பரிசு, சிறையிலுள்ள தாய் அல்லது தந்தையின் பெயராலேயே பிள்ளையின் கைக்குச் சேர்கிறது. பிறர் பிள்ளைக்குக் கொடுத்துப் பெயரை மறைத்துக்கொண்ட மீராவின் ஆயர் செய்ததும் இதுவே. அந்தத் தாய்மாரின் சோப்பு, கொடுப்பதற்குத் தொகை ஒரு நிபந்தனை அன்று என்பதைக் காட்டுகிறது; பெயர்ச்சீட்டை எடுத்தவர், தொகை உள்ளவர் அதை எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதைக் காட்டுகிறார்.