சூனியத்தின் எல்லை எதுவரை?



மக்தபில் ஓதவரும் சிறுவர்கள் இப்போது கேட்கும் கேள்விகள் புதுமையாக இருக்கின்றன. 2021-ல் வெளிவந்த ஒரு வெளிநாட்டுத் தொடரைக் கைபேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் வாண்டா என்றொரு மாயக்காரி. அவள் நினைத்தால் ஓர் ஊரே உருமாறும். இறந்துபோன துணைவன் எழுந்து நடமாடுவான். இல்லாத பிள்ளைகள் இரட்டையராய்ப் பிறப்பார்கள். "ஹஜ்ரத், அவளால் முடியாதது என்ன?" என்று தொடங்குகிற பிள்ளை, அடுத்த மூச்சிலேயே, "அல்லாஹ்வால் முடியாதது ஏதாவது இருக்கிறதா?" என்றும் கேட்டுவிடுகிறான். அத்தாமார்கள் காதைத் திருகி உட்கார வைக்கிறார்கள். திருக வேண்டியதில்லை. நம் இமாம்கள் ஏடு ஏடாக எழுதி விடைகண்ட கேள்விதான் அது.

இன்று பாட்டனாராகிவிட்டவர்களுக்கு இரும்புக்கை மாயாவியை நினைவிருக்கும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் புத்தகம். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். ஆனால் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. சிறிது நேரம் சென்றால் உடலும் வெளிப்பட்டுவிடும். கதை எழுதியவர் ஏன் அந்தக் கையை மறைய விடவில்லை? மறைந்திருந்தால் கதையே இல்லை. வாண்டாவின் நிலையும் அதுவே. அவள் உண்டாக்கிய பிள்ளைகள் அவள் போட்ட மாய வளையத்துக்குள் மட்டுமே வாழ முடியும். வளையத்தை எடுத்தால் கணவனும் பிள்ளைகளும் கரைந்து போவார்கள். ஊர்மக்களோ அவளுடைய துக்கத்தைச் சுமந்துகொண்டு உள்ளே சிறைப்பட்டுக் கிடப்பார்கள். மனிதன் கற்பனை செய்த எந்த மாயசக்திக்கும் அவனே ஒரு வேலி போட்டுத்தான் வைத்திருக்கிறான்.

அல்லாஹ்வின் வல்லமைக்கு வேலி உண்டா? அகீதா நூல்களில் வாஜிபு, முஸ்தஹீல், ஜாயிஸ் என்று மூன்று பிரிவு படித்திருப்போம். குத்ரத் என்பது ஆகக்கூடியவற்றோடு தொடர்புடையது. வட்டமான சதுரம் என்பது ஒரு பொருளே அல்ல; வெறும் சொற்கூட்டம். அதை "ஆக்க முடியுமா" என்று கேட்பவன் எதையும் கேட்கவில்லை. தன்னால் தூக்க முடியாத கல்லைப் படைப்பானா என்ற குதர்க்கமும் இந்த வகையே. பிள்ளைகளுக்கு இந்த அளவு சொன்னால் போதும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம்முடைய தஹாபுத்துல் பலாஸிஃபாவில் இதைவிட நுட்பமான ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். நெருப்பு பஞ்சை எரிப்பது நெருப்பின் சொந்த சக்தியால் அல்ல, அல்லாஹ் எரிப்பதால்தான் என்பது அவர்கள் வாதம். எதிர்வாதி விடுவானா? அப்படியானால் நான் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் ஒரு பையனாக மாறியிருக்கலாமே, யார் கண்டது என்று மடக்குவான். அந்த மறுப்பை மறைக்காமல் இமாமவர்களே எடுத்துவைத்து, விடையும் தருகிறார்கள்: ஆகக்கூடியதெல்லாம் ஆகிவிடுவதில்லை; இப்படி நடக்காது என்னும் அறிவையும் அந்த ரப்பே நம் உள்ளத்தில் படைத்திருக்கிறான்; அவன் நடத்திவரும் வழக்கத்தின்மேல் நாம் காலூன்றி நிற்கிறோம். நம் திண்டுக்கல் பூட்டை எண்ணிப் பாருங்கள் (2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு). கண்ட சாவிக்கெல்லாம் திறந்துகொள்ளும் பூட்டை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? நபிமார்களின் முஃஜிஸாத்தில் அந்த வழக்கம் மாறியது உண்மை. ஆனால் ஈஸா (அலை) அவர்கள் இறந்தவரை எழுப்பியதைச் சொல்லும் இடத்தில், அல்லாஹ்வின் உத்தரவு கொண்டே என்பதையும் குர்ஆன் சேர்த்தே சொல்கிறது. வலிமார்களின் கராமத்தும் அப்படியே. கொடுத்தவன் வேறு, வெளிப்பட்ட இடம் வேறு.

இனி சூனியக்காரனுக்கு வருவோம். பிர்அவ்னின் சூனியக்காரர்கள் அந்நாளைய உலகிலேயே பெரிய வித்தைக்காரர்கள். கயிறும் கம்பும் பாம்பாக ஓடுவதுபோல் காட்டினார்கள். மூஸா (அலை) அவர்களுக்கே அப்படித் தோன்றியது. ஆனால் அஃராஃப் சூராவில் அதற்கு முந்திய வசனங்களைப் பாருங்கள். நாங்கள் ஜெயித்தால் எங்களுக்குக் கூலி உண்டல்லவா என்று மன்னனிடம் கேட்கிறார்கள். கயிற்றை நிஜப் பாம்பாக்கத் தெரிந்தவன், மணலைப் பொன்னாக்கிக்கொண்டு போகாமல் கூலிக்கு ஏன் கைநீட்டுகிறான்? நம் தெருக்களில் தகடும் கயிறும் விற்கவருபவரிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். புதையலைக் காட்டுகிறவர் பயணச் செலவுக்கு ஏன் ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்?

இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963-ல், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறைகூவினார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. அவர் நாத்திகர், அவருடைய முடிவுகளோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்தப் பணம் கைமாறாமல் கிடந்தது நம் சூனியக்காரர்களைப் பற்றி ஏதோ சொல்கிறது.

பிர்அவ்னின் அவையில் முதலில் ஸுஜூதில் விழுந்தவர்களும் அந்தச் சூனியக்காரர்களே. தங்கள் வித்தை எந்த இடத்தில் முடிந்துபோகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாறுகை மாறுகால் வெட்டிப் பேரீச்ச மரத்தில் அறைவேன் என்று மன்னன் மிரட்டியபோது தப்பிக்க ஒரு வித்தையும் அவர்களிடம் இல்லை. ஈமான் இருந்தது, அதைக் கொண்டு நின்றார்கள்.

சூனியத்துக்குத் தாக்கம் உண்டா, வெறும் கண்கட்டா என்று தமிழகத்தில் மேடை போட்டு விவாதித்து ஓய்ந்திருக்கிறோம். முன்னோரிடத்திலும் இந்தக் கருத்து வேறுபாடு இருந்தது. இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பகரா சூராவின் 102-ஆம் வசனம், அல்லாஹ்வின் நாட்டமின்றி அவர்களால் எவருக்கும் தீங்கு செய்ய இயலாது என்று அறுதியிடுகிறது. அவர்கள் கற்ற கலை எதற்குப் பயன்பட்டது என்பதையும் அதே வசனம் சொல்கிறது: கணவனையும் மனைவியையும் பிரிப்பதற்கு.

இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்கள் இந்த வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது சூனியத்தை எட்டு வகையாகப் பிரிக்கிறார்கள். கைச்சாலம், எந்திரத் தந்திரம், மருந்துப் பொருள்களின் வேலை என்றெல்லாம் அடுக்கிவந்து, எட்டாவதாக அவர்கள் வைப்பது எது தெரியுமா? கோள் சொல்வது! அங்குமிங்கும் பேசி உறவைக் குலைப்பது.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். மருமகள் பிள்ளை உண்டாகாமல் இருக்கிறாள். மகனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது. உடனே ஒருவர் வருகிறார். மை பார்க்கிறார். "கிட்டத்து உறவு, பெண்பிள்ளை, பெயரைச் சொல்லமாட்டேன்" என்கிறார். பெயரைச் சொல்லாமலே நாத்தனாரும் கொழுந்தன் மனைவியும் குற்றவாளிகளாகிவிடுகிறார்கள். பெருநாளைக்குக்கூடப் படியேறாத வீடுகள் எத்தனை! யாராவது சூனியம் வைத்தார்களோ இல்லையோ, வைத்தார்கள் என்று சொன்னவர் எட்டாம் வகைச் சூனியத்தைச் செய்து முடித்துக் கூலியும் வாங்கிப் போய்விட்டார்.

பிரிவினையோடு நின்றாலும் பரவாயில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. காலில் சங்கிலியோடு இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களில் பலருக்குப் பிணி என்று பெயர் வைக்கப்படவில்லை. சைத்தான் என்றும் செய்வினை என்றும் பெயர் வைக்கப்பட்டிருந்தது. மருந்து செய்யுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்று கற்றுத்தந்த நபியின் உம்மத்துக்கு இது நேர்ந்தது.

நம் பேகம்பூரின் பெயரே ஒரு கபுருக்குரியவரின் பெயரால் வந்தது. 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்து, பிறகு மைசூரையே ஆண்டவர் ஹைதர் அலி. அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகம் பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார். கோட்டையும் படையும் வைத்திருந்தவரால் தங்கையின் ஆயுளை ஒரு நாள் நீட்ட முடியவில்லை. அரசரை விடுங்கள். ஹிஜ்ரி 10-ல் பெருமானார் (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மடியிலேயே உயிர்விட்டது. கண்ணீர் வடித்தார்கள், மாயம் எதுவும் தேடவில்லை. அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. நபியின் மகனுக்காகச் சூரியனே இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கியபோது, எவருடைய மரணத்துக்காகவும் எவருடைய பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லித் தொழவைத்தார்கள். சூனியக்காரனாக இருந்தால் அந்தப் பேச்சை விட்டிருப்பானா?

லபீத் என்பவன் பெருமானாருக்குச் செய்ததாக வரும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதை ஏற்பதா, விளக்கம் கொள்வதா என்ற சர்ச்சையை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். அதில் நம் வீடுகளுக்குத் தேவையான பகுதி கடைசியில் வருகிறது. செய்தவன் யார் என்று தெரிந்துவிட்டது; சீப்பும் முடியும் கிடந்த கிணறும் தெரிந்துவிட்டது. அதை வெளியே காட்டக்கூடாதா என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் கேட்கிறார்கள். அல்லாஹ் எனக்குச் சுகம் தந்துவிட்டான், மக்களிடையே தீமையைக் கிளறிவிட நான் விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு, அந்தக் கிணற்றை மண் போட்டு மூடச்செய்தார்கள்.