கொல்லை வழி

போன தை மாதம் அம்மா, மனைவி, மகளோடு சென்னைக்குப் போயிருந்தேன். அதிராம்பட்டினம் பக்கத்துக் கடைமடை ஊர் எங்களுடையது. ஒருநாள் முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ராவுக்குக் கிளம்பினோம். 1996இல் திறந்த இடம். இடிந்துபோக இருந்த பழைய வீடுகளை அந்தந்த ஊரிலேயே பிரித்து, தூண், கதவு, ஓடு என்று கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகாரத்து வீடு, நெசவாளர் வீடு என்று வரிசை. கேரள, கர்நாடக, ஆந்திர வீடுகளும் இருக்கின்றன. தஞ்சாவூர் விவசாயி வீடும் ஒன்று.

நம்ம ஜில்லா வீடாயிற்றே என்று ஆசையாக வாசற்படி ஏறினோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். சுவரை ஒட்டியே நடந்து கொல்லைப்பக்கம் போய் நிற்கிறாள்.

"ஏம்மா அந்தப் பக்கம் போனீங்க?"

"பழக்கந்தான் தம்பி. காலு தானா வந்துருச்சு."

பத்து வயதில் மிராசுதார் வீட்டுக் கொட்டில் கூட்டப் போனவள் அம்மா. சாணி அள்ளுவது, வறட்டி தட்டுவது, கூழ் வாங்கிக் குடிப்பது எல்லாம் கொல்லையோடு சரி. அத்தனை வருசம் உழைத்தும் அந்த வீட்டு முற்றம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எழுபது தாண்டி, இப்போதுதான் அப்படியொரு முற்றத்தைப் பார்க்கிறாள்.

மகள் கேட்டாள்: "அப்பாயி, இதுல உங்க வீடு எது?"

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேக்குத் தூணைப் பெயர்த்துக்கொண்டு வரலாம். மண்சுவரையும் கீற்றையும் எப்படிப் பெயர்ப்பது? 2018இல் கஜா புயல் ஒரே ராத்திரியில் எத்தனை கூரைகளைக் கொண்டுபோனது! ஆனால் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. கூலி உயர்த்திக் கேட்டால் 'மனையைக் காலி பண்ணு' என்பதுதான் பதில். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான் விவசாயத் தொழிலாளிக்குத் தான் குடியிருந்த மனை சொந்தம் என்றானது. பெயர்த்து எடுத்துவர முடியாத வீடு என்கிறோம். எங்கள் வீட்டைப்போல அடிக்கடி பெயர்க்கப்பட்ட வீடு வேறு எது?

அப்படியானால் ஒரு சேரிக் குடிசையையும் அங்கே கட்டி வைத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? ஊருக்கு வந்து தோழர் ஒருவரிடம் கேட்டேன். "நம்ம கஷ்டத்த டிக்கெட் போட்டுக் காட்டணுமா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மெழுகிக் கோலம் போட்ட அழகான குடிசை ஒரு பொய். உண்மையைக் காட்டுவதென்றால் சவுக்கடியையும் சாணிப்பாலையும் காட்ட வேண்டும். அதை யார் நடித்துக் காட்டுவது? யார் நின்று வேடிக்கை பார்ப்பது?

அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். எங்கள் வலியைக் கேளிக்கையாக்காதே என்று கறுப்பின அமைப்புகள் எதிர்த்தன. காட்டியே தீரவேண்டும் என்று முன்னின்று நடித்தவர்களும் கறுப்பின மக்களே. காட்டுவதா மறைப்பதா என்பதைவிட, அதை முடிவு செய்கிறவர் யார் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

சில வீடுகளைத் திரும்பக் கட்டவே கூடாது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்த குடிசையை எந்தக் கொத்தனார் மாதிரி செய்வது? அங்கே பெயர்களைச் சொன்னால் போதும்.

ஆனால் நெல் நிறைந்த பெரிய வீட்டைக் காட்டும்போது அந்த நெல்லை அறுத்தவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்தச் சுவருக்கு மண் மிதித்தது யார்? களத்தில் அடித்துத் தூற்றிக் குதிரை நிரப்பியது யார்? இதைச் சொல்லப் புதிதாக ஒரு வீடு கட்ட வேண்டியதில்லை. அதே வீட்டைக் கொல்லைப்பக்கமிருந்து சொல்ல ஆரம்பித்தால் போதும். அந்த வீடு பாதி எங்கள் வீடும்தான், உள்ளே விடாத வீடாக இருந்தாலும்.

கிளம்பும்போது அம்மா திண்ணையருகே நின்றாள். "உக்காரலாமா தம்பி?" யாரும் அங்கே தடுக்கவில்லை. இருந்தும் கேட்டாள். "சீட்டு வாங்கியிருக்கோம் அப்பாயி, வாங்க" என்று பேத்தி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அப்புறம் அரைமணி நேரம் கொட்டில் கதையெல்லாம் சொன்னாள் அம்மா.

மகள் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.