எந்தக் கட்சி என்று கேட்கிறவர்களுக்கு

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் 'நடுநிலை வாக்காளர்' என்று ஒருவரைக் கண்டுபிடிக்கின்றன. அவர் நகரத்தில் இருப்பார். மாதச் சம்பளக்காரராக இருப்பார். காலையில் காப்பியும் பேப்பருமாக உட்கார்ந்து, இரண்டு கழகங்களையும் தராசில் போட்டுப் பார்த்து, கடைசி வாரத்தில் முடிவெடுப்பார். அவர் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறியக் கருத்துக்கணிப்புக்காரர்கள் வீடு தேடிப் போவார்கள். அமெரிக்காவில் பத்துக்கு நாலு பேர் தங்களை இரு பெரிய கட்சிகளில் எதையும் சாராதவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என அங்கத்திய கணிப்புகள் சொல்கின்றன. (துருவிக் கேட்டால் அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவர்கள்தான். அது வேறு விஷயம்.) சாராதவர் என்றால் சிந்திக்கிறவர் என்று அங்கே ஒரு மரியாதை இருக்கிறது.

சேரியில் அப்படி ஒருவர் இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சேரிக்கு ஓட்டு உண்டு, கருத்து கிடையாது. 'காலனி ஓட்டு' என்பது எப்போதும் ஒருமை. அது 'மொத்தமா விழும்', 'அப்படியே போகும்', சில சமயம் 'சிதறும்'. ஏரித் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுகிறார்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பூத் ஏஜெண்டுகளின் வாயிலிருந்து அதை நீக்குவது யார்?

திருத்தணியைச் சுற்றியிருக்கிற சேரிகளில் பட்டா மனு, ரேஷன் கார்டு, வன்கொடுமை வழக்கு என்று வருஷக்கணக்காக அலைகிற எனக்கு முதலில் வருகிற கேள்வி, "நீங்க எந்தக் கட்சி?" என்பதுதான். எதுவும் இல்லை என்றால் நம்புவதில்லை. "அப்போ பின்னாடி யாரு?" என்கிறார்கள். நானும் பதிலுக்குப் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெரியம்மா முறையாகிற ஒருவர், கரும்பு வெட்டியே காலம் தள்ளியவர், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். கேட்டதும் சீறினார். "யாருக்குப் போட்டன்னு உனக்கு இன்னாத்துக்கு? உங்க பெரிப்பாவுக்கே சொன்னதில்ல நானு. சூரியனுக்குத்தான் போட்டன்னு நெனச்சிக்கினே செத்துப்பூட்டாரு மனுசன்."

திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். அதற்காக ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய போராட்டம் வரலாற்றில் இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிக் கல்யாணமும் சாவும் நடத்துகிற எங்கள் சனத்துக்கு வேறொன்றும் தெரியும். அந்தப் பக்கம் முன்பு காங்கிரசும் தெலுங்கு தேசமும், பிறகு தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும். இந்தப் பக்கம் 1967இல் தொடங்கி 2021 வரை நடந்த தேர்தல்களில் மாறி மாறிக் கழகங்கள். "அங்கயும் ரெண்டு, இங்கயும் ரெண்டு. எங்க அண்ணன் வூட்டுல போயி கேட்டாலும் இதே கததான்" என்றார் பெரியம்மா. இதை ஒரு அரசியல் விமர்சனமாக எந்தக் கருத்துக்கணிப்பும் குறித்துக்கொள்ளப் போவதில்லை. 'கருத்து இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடிப்பார்கள்.

கருத்து இல்லையா? விசைத்தறியில் வேலை பார்க்கிற பையன்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது அண்ணா முதலமைச்சர். 1978இல் விழுப்புரத்தில் 12 பேர் கொல்லப்பட்டபோது எம்.ஜி.ஆர். 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடியபோது ஜெயலலிதா. 1999 ஜூலை 23, தாமிரபரணியில் 17 உயிர் போனபோது கருணாநிதி. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தபோது மறுபடியும் ஜெயலலிதா. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது ஸ்டாலின். இந்தப் பட்டியலைக் கட்சிக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் ஆளுக்குப் பாதியாகத்தான் படிப்பார்கள். இவர் அவருடைய பாதியை, அவர் இவருடைய பாதியை. முழுசாகப் படிக்கிறவருக்குப் போய் உட்கார ஒரு கட்சி மிஞ்சுவதில்லை.

நல்லதும் நடந்ததா என்றால் நடந்தது. 1982இன் சத்துணவை மறுப்பவர் யார்? அருந்ததியர் குடியிருப்புகளில் 2009இன் மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீட்டை மறக்கமாட்டார்கள், மறக்க வேண்டியதும் இல்லை. அதே உள் ஒதுக்கீட்டைப் பற்றி அடுத்த தெருவில் கேட்டால் வேறு முகம் காட்டுவார்கள். ஆக 'தலித் ஓட்டு' என்ற ஒருமை அங்கேயும் உடைகிறது. சேரிக்குள் கருத்து வேறுபாடு இருப்பதை ஏதோ ஒற்றுமைக் குறைவு என்று நம் தோழர்களே வருத்தப்படுகிறார்கள். ஊரில் நாலு கருத்து இருந்தால் சனநாயகம், சேரியில் இருந்தால் பிளவு. இது என்ன நியாயம்?

'தனி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். திருத்தணி பொதுத் தொகுதி. பக்கத்தில் அரக்கோணம் தனித் தொகுதி. தமிழ்நாட்டின் 234இல் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். ஆனால் நிற்கிறவர்தான் தனி, போடுகிறவர்கள் பொது. 1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பில் நமக்கு இரண்டு ஓட்டு இருந்தது. ஒன்று நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க, இன்னொன்று பொதுத் தொகுதியில் எல்லோரோடும் சேர்ந்து போட. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். இடங்கள் 148 ஆகக் கூடின, தனி வாக்குரிமை போயிற்று. நாம் மட்டும் வாக்களித்து நாலு பேரை முன்மொழிகிற முதல் சுற்று ஒன்றாவது அதில் மிச்சமிருந்தது. அரசியல் சட்டம் வந்தபோது அதுவும் இல்லை. அதனால் இன்று தனித் தொகுதி உறுப்பினர் சேரியில் பிறந்தவராக இருப்பார், அவரை வேட்பாளர் ஆக்கிய கை சேரியினுடையதாக இருக்காது. அவரை நான் குறை சொல்லவில்லை. அடுத்த தடவை சீட்டு தருகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அவர் கண் போகும்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு ஓட்டு கையில் இருக்கிறதே, அதை யாருக்கும் தெரியாமல் போடலாமே என்பீர்கள். இங்கேதான் சிக்கல். தனி ஆளின் ஓட்டு ரகசியம், தெருவின் ஓட்டு ரகசியம் இல்லை. வாக்குச்சீட்டு இருந்த காலத்தில், எண்ணுவதற்கு முன் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்துவிட விதியில் இடம் இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது. இயந்திரம் சாவடிவாரியாகத்தான் பேசும். பல ஊர்களில் சேரிக்கென்று தனி வாக்குச்சாவடி. ஊர்த்தெருவில் போய் வரிசையில் நிற்க முடியாமல் அடி வாங்கிய இடங்களில் மனு மேல் மனு போட்டுப் பெற்றது அது. இப்போது அந்தப் பாதுகாப்பே நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. முடிவு வந்த மறுநாள் டீக்கடையில் சொல்வார்கள், "உங்க பூத்துல எங்களுக்கு இத்தினிதான்." அப்புறம் தெருவிளக்கு எரியாது, நூறு நாள் வேலையில் பெயர் வராது. இதெல்லாம் சேரியின் கற்பனை என்பவர்கள் 2019இல் உத்தரப் பிரதேசத்தில் மேனகா காந்தி பேசியதை நினைத்துக்கொள்ளட்டும். ஓட்டு விழுகிற அளவுக்கு ஏற்ப ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து அந்த வரிசையில் வேலை செய்வோம் என்று ஒன்றிய அமைச்சராக இருந்துகொண்டே மேடையில் சொன்னார்.

எதுவும் வேண்டாம் என்று சொல்ல முன்பு 49-ஓ என்ற விதி இருந்தது. சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதிவேட்டில் பதியவைத்து, அவர் முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். சுற்றிலும் ஏஜெண்டுகள். சேரிப் பெண் ஒருத்தி அதைச் செய்வாளா? மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பர் 27 அன்று உச்சநீதிமன்றம் நோட்டா பொத்தானுக்கு உத்தரவிட்டது. 2016 தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் அதை அழுத்தினார்கள். அது முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்தவர்தான் ஜெயிப்பார். ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

பணத்துக்கு வருகிறேன். ஏனென்றால் படித்தவர்கள் சேரியைப் பற்றிச் சொல்கிற ஒரே ஒழுக்கக் கருத்து அதுதான், "காசு வாங்கிக்கிட்டு ஓட்டுப் போடறவங்க." 2009 திருமங்கலம் இடைத்தேர்தலையும், பணம் பிடிபட்டு 2017இல் ரத்தான ஆர்.கே. நகர் தேர்தலையும் பார்த்தவர்களுக்கு இது சேரி வியாதி இல்லை என்று தெரியும். எங்கள் பக்கம் காசோடு சத்தியமும் வாங்குவார்கள். கற்பூரத்தைக் கொளுத்தி, மலை இருக்கிற திசையைக் காட்டி, "தணிகை முருகன் மேல சொல்லு." உப்புத் தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக நமக்குப் போதித்திருக்கிறார்கள். பண்ணையாளுக்குச் சொன்ன அதே பாடத்தை இப்போது வாக்காளருக்குச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் போடாமல் வருகிறவள் பொய்ச் சத்தியம் செய்தவளா? அவள் மனசு உறுத்துகிறது, எனக்குத் தெரியும். சிலர் கிருத்திகைக்கு மலையேறி மன்னிப்புக் கேட்கிறார்கள். ஆனால் மறுத்தால் தெரு பகையாகும் என்ற நிலையில் வாங்கப்பட்ட வாக்கு யாரையும் கட்டாது என்பதே என் வாதம். கடன் என்றால் கொடுத்தவருக்குச் சொந்தமான பொருளாக இருக்க வேண்டும். ரோடு காண்டிராக்டில் அடித்தது யாருடைய பொருள்?

சரி, ஓட்டே போடாமல் இருந்துவிட்டால்? 1956இல் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர், தாம் ஏன் ஓட்டுப் போடப் போவதில்லை என்று 'தி நேஷன்' இதழில் எழுதினார். இரண்டு கட்சியும் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு என்பது அவருடைய வாதம். படிக்கும்போது கை தட்டத் தோன்றும். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான் மிசிசிப்பியின் பெல்சோனியில் ஜார்ஜ் லீ என்ற பாதிரியார், கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். நமக்கும் மேலவளவு இருக்கிறது. ஊராட்சித் தலைவராக நின்று ஜெயித்ததற்காக 1997 ஜூன் 30இல் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் வரக்கூடாது என்று 1996இலிருந்து 2006 வரை தேர்தலையே நடக்கவிடவில்லை. ஊர் அத்தனை பயப்படுகிற பொருளை நாமாக வீசிவிட முடியாது. விடுதலைச் சிறுத்தைகள் 1999 வரை தேர்தலைப் புறக்கணித்து, பிறகு உள்ளே வந்ததில் இந்தக் கணக்கு இருக்கிறது. வெளியே நின்று பார்த்ததற்கும் விலை உண்டு. 2016இல் கழகங்கள் இல்லாத கூட்டணியாக நின்றபோது ஒரு இடமும் கிடைக்கவில்லை, காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். 2024இல் தி.மு.க. கூட்டணிக்குள் பானைச் சின்னத்தில் இரண்டு மக்களவை இடம்.

ஆகவே தோழர்கள் சொல்வது, "சிதறின ஓட்டுக்குப் பேரம் இல்ல. மொத்தமா நின்னாத்தான் மதிப்பான்." இதில் பாதி உண்மை. ஆனால் அந்த மொத்தத்தை யார் கட்டுகிறார்கள்? கூடி உட்கார்ந்து, பெண்களும் பேசி, ஒப்பாதவர் ஒப்பாமலே எழுந்து போகலாம் என்கிற கூட்டத்தில் கட்டினால் அது அமைப்பு. நாட்டாண்மையும் காண்டிராக்டரும் ராத்திரி பேசி முடித்துக் காலையில் தெருவுக்கு அறிவித்தால், பண்ணையார் நம் ஆளாக மாறியிருக்கிறார் என்பதைத் தவிர வேறென்ன? 1949 நவம்பர் 25இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் ஒரு முரண்பாட்டைச் சுட்டினார். அரசியலில் ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்று ஏற்கப் போகிறோம், சமூக வாழ்வில் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரே மதிப்பு என்பதை மறுத்துக்கொண்டிருப்போம் என்றார். காலனி பூத்தில் அந்த முதல் பாதியே இன்னும் முழுசாக வரவில்லை. அங்கே ஆளுக்கு ஓட்டு இல்லை, தெருவுக்குத்தான் ஓட்டு.

இதற்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பல சாவடி இயந்திரங்களை இணைத்து ஒரே கூட்டுத்தொகையாக முடிவைக் காட்டும் 'டோட்டலைசர்' கருவி. 2008இலேயே தேர்தல் ஆணையம் கேட்டது, 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஒப்பவில்லை. பூத் வாரியாகத் தெரிந்தால்தான் கட்சி எங்கே வேலை செய்ய வேண்டும் என்று புரியும் என்பது மறுத்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. என்ன வேலை என்று நமக்குத் தெரியும்.

இதைத் தீர்மானமாக்கலாம் என்று திருத்தணியில் ஒரு சின்னக் கூட்டத்தில் வைத்தேன். மூத்த தோழர் ஒருவர் ஒப்பவில்லை. "ரகசியமா வெச்சிட்டா நம்ம பலம் எப்படித் தெரியும்?" என்றார். நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, "பலத்தக் காட்ட ஊர்வலம் போலாம் அண்ணா, எங்கம்மா ஓட்டு எதுக்கு?" என்றாள். வாக்குவாதம் நீண்டது. ஏழு மணி ரயிலுக்குப் போகிறவர்கள் அவசரப்பட்டார்கள். சரி, ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைமை. சீட்டில் எழுதிப் போடலாமே என்றாள் அவள். சீட்டு கிழிக்க நோட்டு தேடினோம்.