நட்டஈடும் நீதியும்

இழைத்த தீங்குக்குப் பணம் கொடுத்துவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதாகுமா? அறநூலார் ஆராயும் இவ்வினா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகர மக்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று.

ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர், பத்தில் நால்வர் வறியவர். மோட்டார்த் தொழில் நலிந்தபின் கடனில் மூழ்கிய அந்நகரின் நிர்வாகம், மக்கள் தெரிவுசெய்த சபையிடமிருந்து எடுக்கப்பட்டு, ஆளுநர் நியமித்த அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 2014 ஏப்ரிலில், சிக்கனத்தின் பெயரால், டெற்றோயிற் நகரிலிருந்து பெற்றுவந்த நீர் நிறுத்தப்பட்டு, பிளின்ற் ஆற்று நீர் குழாய்களில் விடப்பட்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்து அதிற் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் நீரிற் கலந்தது. நிறத்தையும் நாற்றத்தையும் கண்டு மக்கள் முறையிட்டனர். தீங்கில்லை என்றனர் அதிகாரிகள்.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், அந்நீர் எந்திர உறுப்புக்களை அரிக்கின்றதெனக் கூறி, வேறு நீர் பெற்றுக்கொண்டது. குழந்தைகளின் குருதியில் ஈயம் கூடியுள்ளதை மருத்துவர் மோனா ஹன்னா-அற்றிஷா 2015 செப்டெம்பரில் எடுத்துக்காட்டிய பின்னரே மக்களுக்குப் பழைய நீர் மீண்டது. இரும்பின் முறையீடு உடனே கேட்கப்பட்டது. குழந்தைகளின் முறையீட்டுக்கு மேலும் ஓராண்டு வேண்டியிருந்தது.

மக்கள் நீதிமன்றம் ஏறினர். தமது பதவியைக் காப்பாகக் காட்டித் தப்ப முயன்ற அதிகாரிகள் சிலருக்கு, 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்காப்பினை மறுத்தது. தன் உடலின்மீது ஒருவனுக்குள்ள உரிமை அரசியலமைப்பு வழங்கும் உரிமையே என்றது. 2021 நவம்பரில் 62 கோடி 60 இலட்சம் டொலர் நட்டஈடு அங்கீகரிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி அக்காலத்திற் சிறுவராயிருந்தோர்க்கு உரியது.

தொகை பெரிதுதான். ஆயின் அதிற் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது? மாநிலத்தின் திறைசேரியிலிருந்து. அத்திறைசேரியை நிரப்புவோர் யாவர்? தீங்குற்றோரும் அவர்தம் அயலவருமே. முன்னாள் ஆளுநர் உட்பட ஒன்பது பேர்மீது 2021இல் சாட்டப்பட்ட குற்றங்களோ, குற்றப்பத்திரம் பிறப்பித்த முறை சட்டத்துக்கு முரணானதென்று 2022இல் மாநில உயர்நீதிமன்றம் கூறியதனால், விசாரிக்கப்படாமலே 2023இல் முடிந்துபோயின. தீர்மானித்தவன் ஒருவன்; விலை கொடுத்தவன் மற்றொருவன்.

'அவ்வாறாயின் வழக்காடுதல் வீண்' என்பாருமுளர். இதனை நாம் ஏற்கமாட்டோம். ஈயக்குழாய்களை அகற்றும் கடப்பாட்டை 2017இல் அரசின்மேற் சுமத்தியது மக்கள் தொடுத்த வழக்கே. அப்பணி 2025இல் முற்றுப்பெற்றது. இரந்து கேட்டதை உரிமையாகக் கேட்கும் தகுதியை வழக்கு வழங்கிற்று. எனினும் சட்டம் தீங்கு நேர்ந்த பின்னரே வருகின்றது. குழந்தையின் மூளையில் ஈயம் விளைத்த ஊறினை எந்தத் தீர்ப்பும் மாற்றமாட்டாது.

எனவே நட்டஈடு நீதியின் ஒரு பகுதி, முழுமையன்று. நீரைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் அந்நீரைக் குடிப்போரிடம் இருத்தலே அதன் முதற்பகுதி. பிளின்ற் மக்களிடமிருந்து முதலிற் பறிக்கப்பட்டது அதுவே. மாணவர்க்குக் குடியியல் கற்பிக்கும் நாம் இதனை மறத்தலாகாது.